ஒலியால் ஒலியை அணைத்த கதை

சென்ற வாரம் அலைகளின் குறுக்கீட்டு விளைவைப் பற்றிப் பாடம் நடத்தி முடித்தேன். மணி அடித்த பின்னும் ஒரு மாணவர் மேசையருகே தயங்கி நின்றார். "சார், இரைச்சலை நீக்கும் ஹெட்போன் என்று கடையில் விற்கிறார்கள். காதை முழுவதும் மூடும் வகை, கம்பியும் இல்லை. ஒன்றின் விலை மற்றொன்றைப் போலப் பத்து மடங்கு இருக்கிறது. ஆனால், இரண்டு பெட்டிகளின் மேலும் ஒரே சொற்களைத்தான் அச்சிட்டிருக்கிறார்கள். எதை வாங்குவது?" என்று கேட்டார்.

பெட்டியைப் பார்த்து இதற்கு விடை சொல்ல இயலாது. அந்தக் கருவி பிறந்து வளர்ந்த வரலாற்றைப் பார்த்தால் சொல்லலாம். ஏனெனில், ஒலியை ஒலியால் அணைக்கலாம் என்ற எண்ணம் 1930-களிலேயே தோன்றிவிட்டது. ஆயினும், அது கடைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் அறிஞர்கள் எந்தத் தடையோடு போராடினார்களோ, அதே தடைதான் இன்றும் நல்ல கருவியையும் மட்டமான கருவியையும் பிரிக்கிறது. அந்தத் தடை யாது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இசைக்கவை சொல்லும் உண்மை

முதலில் ஒரு சிறு சோதனை. உங்கள் பள்ளி அல்லது கல்லூரி ஆய்வகத்தில் உள்ள இசைக்கவை ஒன்றைத் தட்டி, காதருகே செங்குத்தாகப் பிடித்து, அதன் காம்பை விரல்களுக்கிடையே மெல்லச் சுழற்றுங்கள். ஒரு முழுச் சுற்றில் ஒலி நான்கு முறை ஓங்கி, நான்கு முறை அநேகமாக மறைந்துவிடும். ஒலி மறையும் நிலையில் கவையை அப்படியே நிறுத்துங்கள். இப்போது ஒரு காகிதக் குழாயை எடுத்து, கவையின் ஒரு புயத்தைத் தொடாமல் அதன்மேல் மெதுவாக மாட்டுங்கள். மறைந்த ஒலி திரும்பவும் கேட்கும்!

ஒரு புயத்தின் ஒலியை மறைத்தால் ஒலி குறையத்தானே வேண்டும்? கூடியது எப்படி? அதுவரை ஒரு புயத்திலிருந்து வந்த ஒலியை மற்றப் புயத்தின் ஒலி அழித்துக்கொண்டிருந்தது. அழிப்பவனை மறைத்ததும் அழிபட்டவன் எழுந்துவிட்டான்.

காற்றில் ஒலி என்பது அழுத்தம் கூடுவதும் குறைவதுமான ஓர் அலையே ஆகும். ஓர் அலையில் அழுத்தம் கூடும் அதே நொடியில், அதே இடத்தில், அதே அளவுக்கு மற்றோர் அலையில் அழுத்தம் குறையுமானால், கூட்டிக் கழித்து மிஞ்சுவது ஒன்றுமில்லை. இந்தக் குறுக்கீட்டுத் தத்துவத்தைத் தாமஸ் யங் என்ற ஆங்கிலேய அறிஞர் 1801-இல் ஒளிக்குப் பொருத்திக் காட்டினார். இருளை உண்டாக்க ஒளியோடு ஒளியைச் சேர்க்கலாம் என்றால், அமைதியை உண்டாக்க ஒலியோடு ஒலியைச் சேர்க்கலாம் அல்லவா?

ஆனால், இசைக்கவையின் இரு புயங்களும் ஒரே உலோகத் துண்டின் உறுப்புகள். பிறவியிலேயே எதிரெதிராக அசைபவை. தெருவில் எழும் இரைச்சலோ யாருக்கும் கட்டுப்படாதது. அதற்குச் சரியான எதிர் அலையை அந்தந்த நொடியில் யார் தயாரித்துத் தருவது?

1933: ஒரு காப்புரிமை

விடை சொன்னவர் பால் லூக் என்ற ஜெர்மானியர். 1933 ஜனவரி 27-ஆம் நாள் அவர் ஜெர்மனியில் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அமெரிக்கக் காப்புரிமை 1936 ஜூன் 9-ஆம் நாள் வழங்கப்பட்டது. அதன் படங்களில் முக்கியமானது ஒரு நீண்ட குழாய். குழாயின் ஒரு முனையிலிருந்து இரைச்சல் வருகிறது. வழியில் ஓர் ஒலிவாங்கி அதைக் கேட்டு, மின்னலைவாக மாற்றுகிறது. பெருக்கி ஒன்று அந்த மின்னலைவைத் தலைகீழாக்கி, குழாயில் சற்றுத் தள்ளி வைத்துள்ள ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. ஒலி குழாய் வழியே நடந்து ஒலிபெருக்கியை அடையும்போது, அதன் எதிர் அலை அங்கே தயாராகக் காத்து நிற்கிறது.

இதிலுள்ள நுட்பம் யாதெனில், ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் மட்டுமே செல்லும். மின் குறிப்போ அதைவிடப் பல இலட்சம் மடங்கு வேகமாகச் செல்லும். ஆகவே, மின்சாரம் ஒலியை முந்திக்கொண்டு போய் முன்கூட்டியே செய்தி சொல்லிவிடும். பின்னால் வந்த கருவிகள் யாவும் இந்த ஓட்டப் பந்தயத்தைத்தான் ஓடின.

எண்ணம் அழகானதே. ஆனால், லூக்கின் காலத்தில் பெருக்கி என்றால் சூடேறும் கண்ணாடி வால்வுகள். அவற்றின் குணம் வெப்பத்தாலும் வயதாலும் மாறிக்கொண்டே இருக்கும். காப்புரிமை தாளிலேயே தங்கிவிட்டது.

தடை எது?

வால்வுகளின் குறை மட்டுமன்று, அதைவிட ஆழமான தடை ஒன்று இருந்தது. அது நேரம். பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். நாமே கணக்கிட்டுப் பார்ப்போம்.

எதிர் அலை சரியான வீச்சோடு வந்தாலும், சற்றுப் பிந்தி வந்தால் என்ன ஆகும்? ஓர் அலையின் முழுச் சுற்றை 360 பாகை என்று கொள்வோம். பிழை சுமார் 6 பாகைக்குள் இருந்தால் இரைச்சலின் அழுத்தம் பத்தில் ஒரு பங்காகக் குறையும். இதனை 20 டெசிபெல் குறைவு என்கிறோம். பிழை 60 பாகையை எட்டினால், அதாவது சுற்றில் ஆறில் ஒரு பங்கு தவறினால், ஒரு பயனும் இல்லை. அதற்கும் மேல் தவறினால் இரைச்சல் குறைவதற்குப் பதிலாகக் கூடும்!

இனி இரண்டு ஒலிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, பேருந்து என்ஜினின் உறுமலைப் போன்ற 100 ஹெர்ட்சு ஒலி. அதன் அலைநீளம் 3.4 மீட்டர். அதில் 6 பாகை என்பது ஏறக்குறைய 5.7 சென்டிமீட்டர் தூரம். நேரத்தில் சொன்னால் ஒரு வினாடியை 6,000 கூறாக்கி அதில் ஒரு கூறு. மற்றொன்று, விசிலைப் போன்ற 5,000 ஹெர்ட்சு ஒலி. அதன் அலைநீளம் 6.8 சென்டிமீட்டர்தான். அதில் 6 பாகை என்பது 1.1 மில்லிமீட்டர், நேரத்திலோ ஒரு வினாடியின் 3 இலட்சத்தில் ஒரு கூறு.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு உண்மைகள் கிடைக்கின்றன. முதலாவது, தாழ்ந்த சுருதியுள்ள உறுமலை அணைப்பது எளிது. உயர்ந்த சுருதியுள்ள கீச்சொலியை அணைப்பது மிகக் கடினம். இரண்டாவது, ஓர் அறை முழுவதையும் அமைதியாக்குவது இயலாத காரியம். ஒரு புள்ளியில் சரியாகப் பொருந்திய எதிர் அலை, சில சென்டிமீட்டர் தள்ளிப் போனால் பொருந்தாமல் போகும். இந்த இரண்டாவது உண்மையை அறிஞர்கள் அனுபவத்தில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

மின்மாற்றியும் அண்டை வீட்டாரும்

1953-இல் அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தைச் சேர்ந்த ஹாரி ஆல்சன், எவரெட் மே ஆகிய இருவரும் "மின்னணு ஒலி உறிஞ்சி" என்ற கருவியை விவரித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒலிவாங்கியையும் ஒலிபெருக்கியையும் அருகருகே வைத்து, ஒலிவாங்கி இருக்கும் இடத்தில் அழுத்தம் எப்போதும் குறையுமாறு அதை அமைத்தார்கள். இருக்கையின் தலைப்பகுதியில் இதைப் பொருத்தினால் பயணியின் தலையைச் சுற்றி அமைதி உண்டாகும் என்பது அவர்கள் யோசனை. தாழ்ந்த ஒலிகளுக்கு அது பலித்தது. ஆனால், ஒலிவாங்கியை ஒட்டிய சிறு பரப்பில் மட்டுமே.

1956-இல் ஜெனரல் எலெக்டிரிக் நிறுவனத்தின் வில்லியம் கோனோவர் வேறொரு வழியில் முயன்றார். பெரிய மின்மாற்றிகள் ஓயாமல் ரீங்காரமிடுவதைக் கேட்டிருப்பீர்கள். மாறு மின்சாரத்தின் காந்தப் புலத்தால் அவற்றின் இரும்பு உள்ளகம் மிகச் சிறிதளவு நீண்டு சுருங்குவதே இதற்குக் காரணம். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்சு ஆதலின், ரீங்காரம் 120 ஹெர்ட்சிலும் அதன் மடங்குகளிலும் எழும். (நம் நாட்டில் 50 ஹெர்ட்சு, எனவே 100 ஹெர்ட்சும் அதன் மடங்குகளும்.) இது தெருவின் இரைச்சலைப் போலத் தாறுமாறானதன்று, என்றும் ஒரே சுருதி. ஆகவே, மின்மாற்றியின் அருகே ஒலிபெருக்கியை வைத்து, வீச்சையும் கட்டத்தையும் பொறுமையாகச் சரிசெய்தால் ரீங்காரத்தை அணைத்துவிடலாம் என்று அவர் கருதினார்.

அணைக்கவும் செய்தார். ஆனால், ஒரு குறுகிய திசையில் மட்டுமே. அந்தத் திசைக்கு வெளியே வேறு கோணத்தில் நின்றவர்களுக்கு ஒலி கூடியது. ஓர் அண்டை வீட்டுக்குக் கிடைத்த அமைதிக்கு மற்றோர் அண்டை வீடு விலை கொடுக்க வேண்டியதாயிற்று. ஆற்றல் அழிவதில்லை என்ற விதி இங்கே கண்முன் நின்றது. திறந்த வெளியில் ஓரிடத்தில் ஒலி குறைந்தால் வேறோர் இடத்தில் அது கூடிவிடக்கூடும்.

காதருகே வந்த தீர்வு

அப்படியானால், எதிர் அலையை எங்கே உண்டாக்குவது? மிகச் சிறிய, மூடிய ஓர் இடத்தில். மனிதனின் காதும் அதை மூடிய கிண்ணமும் சேர்ந்தால் அத்தகைய இடம் கிடைக்கிறது. அதன் அகலம் சில சென்டிமீட்டர்தான்; உறுமல் ஒலியின் அலைநீளத்தோடு ஒப்பிட்டால் அது ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குள் அழுத்தம் எங்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

ஹெட்போன் என்ற கருவி இதற்கெல்லாம் முன்பே இருந்தது. 1910-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின் செய்த ஹெட்போன்களை அந்நாட்டுக் கடற்படை கம்பியில்லாத் தந்திக்காக வாங்கியது. இரைச்சலை அணைக்கும் எண்ணமும் ஹெட்போனும் 1950-களில்தான் சந்தித்தன. அச்சந்திப்புக்குக் காரணம் விமானிகள். ஹெலிகாப்டரிலும் விமானத்திலும் என்ஜின் ஓசைக்கு நடுவே தரையிலிருந்து வரும் கட்டளை காதில் விழ வேண்டும். இல்லையேல் உயிருக்கே ஆபத்து. லாரன்ஸ் ஃபோகல் என்ற அமெரிக்கர் இதற்கான காப்புரிமைகளைப் பெற்றார். அதே காலத்தில் வில்லார்டு மீக்கர் காதுமூடி ஒன்றுக்குள் ஒலிவாங்கியையும் ஒலிபெருக்கியையும் வைத்து, ஏறக்குறைய 50 முதல் 500 ஹெர்ட்சு வரையுள்ள ஒலிகளைக் குறைத்துக் காட்டினார்.

ஆயினும், புதிய தொல்லை ஒன்று எழுந்தது. பொதுக்கூட்டத்தில் மைக்கை ஒலிபெருக்கியின் முன்னே கொண்டுபோனால் "கீ..." என்று கூவும் அல்லவா? ஒலிபெருக்கியின் ஒலி ஒலிவாங்கிக்குள் திரும்பப் புகுந்து, மேலும் மேலும் பெருகுவதே அதற்குக் காரணம். ஒரே கிண்ணத்துக்குள் இரண்டையும் வைத்தால் இதே கூவல் காதுக்குள்ளேயே எழும். எதிர்த்திசைப் பின்னூட்டத்தின் பயனை 1927-இல் ஹெரால்டு பிளாக் என்ற பொறியாளர் கண்டிருந்தார். வேலைக்குச் செல்லும் வழியில் ஹட்சன் ஆற்றுப் படகில், கையிலிருந்த செய்தித்தாளின் மீதே அவர் தம் கணக்கை எழுதினாராம். பின்னூட்டம் எப்போது அடங்கி நிற்கும், எப்போது கூவும் என்பதற்கு விதி வகுத்தவர் ஹாரி நைக்விஸ்ட், ஆண்டு 1932. விதி தெரியும், அதற்கு அடங்கி நடக்கும் சிறிய, மலிவான சுற்றுதான் அன்று இல்லை. டிரான்சிஸ்டரும் அதன்பின் ஒருங்கிணைந்த சுற்றும் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சூரிச் முதல் பாஸ்டன் வரை

1978-இல் சூரிச் நகரிலிருந்து பாஸ்டனுக்குச் சென்ற விமானத்தில் பேராசிரியர் ஒருவர் அமர்ந்திருந்தார். அதுவரை விமானங்களில் பயணிகள் இசை கேட்கத் தந்தவை, மருத்துவரின் ஸ்டெதஸ்கோப்பைப் போன்ற வெறுங்குழாய்கள். அன்று புதிதாக மின்சார ஹெட்போன்களைத் தந்தார்கள். பேராசிரியர் ஆவலுடன் மாட்டினார். என்ஜின் இரைச்சலில் இசை மூழ்கிப் போயிற்று. அவர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தாளும் பேனாவும் எடுத்தார். இரைச்சலையும் இசையையும் பிரிக்க வழியுண்டா என்று கணக்கிடத் தொடங்கினார். விமானம் பாஸ்டனில் இறங்குமுன் அடிப்படைச் சமன்பாடுகள் கிடைத்துவிட்டன.

அவர் பெயர் அமர் கோபால் போஸ். அவருடைய தந்தை நோனி கோபால் போஸ் வங்காளத்தைச் சேர்ந்த விடுதலை வீரர். ஆங்கிலேய அரசின் பிடியிலிருந்து தப்பி 1920-இல் அமெரிக்கா சென்றவர். 1929-இல் பிலடெல்பியாவில் பிறந்த அமர், இரண்டாம் உலகப் போரின்போது வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்துக் குடும்பத்துக்கு உதவிய சிறுவர். பின்னர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படித்து, 1956-இல் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராக இருந்தார். 1964-இல் தம் பெயரில் ஒலிக்கருவி நிறுவனம் ஒன்றையும் தொடங்கினார். 2013-இல் காலமானார்.

வானத்தில் ஒரு பொழுதில் எழுதிய சமன்பாடு, கடையில் விற்கும் பொருளாக மாற எத்தனை ஆண்டுகள் ஆயின தெரியுமா? இருபத்திரண்டு! இடையில் அதற்கு ஒரு கடுமையான தேர்வு நடந்தது. 1986 டிசம்பர் 14-ஆம் நாள் டிக் ரூட்டன், ஜீனா யீகர் என்ற இருவர் "வாயேஜர்" என்ற சிறு விமானத்தில் கலிபோர்னியாவிலிருந்து கிளம்பினார்கள். எங்கும் இறங்காமல், வழியில் எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றி வருவது அவர்கள் நோக்கம். எடையைக் குறைக்க வேண்டியிருந்ததால் ஒலியைத் தடுக்கும் கனமான பொருள்களை ஏற்ற வழியில்லை. குறுகிய அறைக்குள், முன்னும் பின்னும் உள்ள இரு என்ஜின்களுக்கு இடையே, ஒன்பது நாட்கள்! அவர்களுடைய செவித்திறன் நிலையாகவே கெட்டுவிடும் என்ற அச்சம் இருந்தது. போஸ் நிறுவனத்தின் சோதனை ஹெட்போன்களை அவர்கள் அணிந்து சென்றார்கள். ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர் பறந்து டிசம்பர் 23-இல் தரை இறங்கினார்கள். 1989-இல் அந்நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்போனையும், 2000-இல் பொதுமக்களுக்கான தன் முதல் இரைச்சல் நீக்கும் ஹெட்போனையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

உள்ளே ஒரு காது, வெளியே ஒரு காது

இன்றைய கருவிக்குள் நடப்பதென்ன? இரண்டு முறைகள் உண்டு. ஒன்று லூக்கின் முறை. கிண்ணத்தின் வெளிப்புறத்தில் ஒலிவாங்கி இருக்கும். வரும் இரைச்சலை முன்கூட்டியே கேட்டு எச்சரிக்கும். மற்றொன்று ஆல்சன், மீக்கர், போஸ் ஆகியோர் வழி. உட்புறத்தில், காதருகே ஒலிவாங்கி இருக்கும். அணைத்த பின்னும் மிஞ்சுவதைக் கேட்டுத் திருத்தும். வெளியே உள்ளது காவல்காரன் என்றால், உள்ளே உள்ளது கணக்குப் பிள்ளை. நல்ல கருவிகளில் இருவரும் வேலை செய்வார்கள்.

வெளி ஒலிவாங்கிக்கும் காதுக்கும் இடையே 3 சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஒலி இத்தூரத்தைக் கடக்க ஒரு வினாடியின் 11,000-இல் ஒரு கூறு போதும். அதற்குள் கேட்டு, கணக்கிட்டு, எதிர் அலையை எழுப்பியாக வேண்டும். லூக் தொடங்கி வைத்த ஓட்டப் பந்தயம் இன்று மூன்று சென்டிமீட்டருக்குள் நடக்கிறது.

கணக்கிடும் சில்லுக்கு மற்றொரு திறமையும் வேண்டும். இரைச்சலின் குணம் மாறினால் தானும் மாறிக்கொள்ள வேண்டும். இதற்கான வழியை 1960-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பெர்னார்டு விட்ரோவும் அவருடைய மாணவர் ஹாஃபும் வகுத்தார்கள். மிஞ்சும் பிழையைப் பார்த்து, ஒவ்வோர் அடியிலும் தன்னைச் சிறிது திருத்திக்கொள்வதே அம்முறை. 1975-இல் விட்ரோ குழுவினர் வெளியிட்ட கட்டுரையில் இதன் ஓர் அரிய பயன் விளக்கப்பட்டுள்ளது. கருவுற்ற தாயின் வயிற்றில் மின்வாய்களைப் பொருத்தினால் தாயின் இதயக் குறிப்பில் சேயின் மெல்லிய இதயக் குறிப்பு மூழ்கிவிடும். தாயின் குறிப்பைக் கழித்துச் சேயின் துடிப்பை அவர்கள் தனியே எடுத்தார்கள். என்ஜின் ஓசையைக் கழித்து இசையை எடுப்பதும் அதே கணிதம்தான்!

கம்பி அறுந்தது

ஹெட்போனின் கம்பியை நீக்கியது வேறொரு வரலாறு. 1994-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனத்தில் யாப் ஹார்ட்சன் குறுந்தூர வானொலி இணைப்பு ஒன்றை வடிவமைக்கத் தொடங்கினார். 1998-இல் எரிக்சன், நோக்கியா, ஐ.பி.எம்., இன்டெல், தொஷிபா ஆகிய ஐந்தும் கூடி அதைப் பொதுவாக்கின. பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் மன்னர் ஒருவரின் பட்டப் பெயரால் அதற்குப் புளூடூத் என்று பெயரிட்டார்கள். அதன் அடிப்படை முறையில், 2.4 கிகா ஹெர்ட்சு அலைவரிசையில் உள்ள 79 தடங்களுக்கிடையே வினாடிக்கு 1,600 முறை தாவித் தாவிச் செய்தி செல்லும். ஒரு தடத்தில் இடையூறு வந்தாலும் அடுத்த தாவலில் தப்பிவிடலாம். 2016-இல் போஸ், சோனி இரு நிறுவனங்களும் காதை மூடும், கம்பியில்லாத, இரைச்சல் நீக்கும் ஹெட்போன்களை வெளியிட்டன. அதன்பின் இவ்வகை எங்கும் பரவியது.

இங்கே பலரும் குழம்பும் ஓர் இடம் உண்டு. புளூடூத் வழியே இசை வந்து சேரச் சாதாரணமாக ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் ஐந்தில் ஒரு பங்கு நேரம் பிந்தும். அதற்குள் ஒலி 34 முதல் 68 மீட்டர் தூரம் போய்விடும். அப்படியானால், இரைச்சல் நீக்கம் எப்படி நடக்கும்? நடக்கிறது. ஏனெனில், அந்த வேலை முழுவதும் ஹெட்போனுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. தொலைபேசிக்கும் அதற்கும் தொடர்பில்லை. பிந்துவது இசை மட்டுமே. ஆதலின், திரைப்படம் பார்க்கையில் உதட்டசைவும் குரலும் பொருந்தவில்லை என்றால், குறை புளூடூத் இணைப்பில். இரைச்சல் நீக்கும் பகுதியில் அன்று.

இனி, எதை வாங்குவது?

மாணவரின் வினாவுக்கு இப்போது விடை சொல்லலாம்.

முதலில் கருவியை இயக்காமலே மாட்டிப் பாருங்கள். மெத்தை காதைச் சுற்றி இடைவெளியின்றிப் படிய வேண்டும். உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளை எதிர் அலையால் அணைக்க முடியாது என்று கணக்கில் கண்டோம். அவற்றைத் தடுப்பது மெத்தையும் கிண்ணமும்தான். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதோடு மாட்டிப் பார்க்க வேண்டும். கண்ணாடியின் காம்பு உண்டாக்கும் சிறு இடைவெளி வழியே உறுமல் உள்ளே புகும். வாயை அசைத்து, தலையைத் திருப்பியும் பாருங்கள்.

இரண்டாவது, இசை எதையும் போடாமல் இரைச்சல் நீக்கத்தை மட்டும் இயக்குங்கள். கடையில் ஓடும் மின்விசிறி அல்லது குளிர்சாதனத்தின் ஓசை சட்டென்று விழ வேண்டும். கடைக்காரரின் பேச்சு மெலிந்தாவது கேட்கத்தான் செய்யும். அது குறையன்று, இயற்பியல். "பேச்சு, ஹாரன் எல்லாம் அறவே கேட்காது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இயக்கியதும் மெல்லிய "உஸ்" என்ற ஓசை எழுகிறதா, காதில் அழுத்தம் போல் தோன்றுகிறதா என்றும் கவனியுங்கள். சிலருக்கு அந்த உணர்ச்சி ஒத்துக்கொள்வதில்லை.

மூன்றாவது, ஒலிவாங்கிகள் உள்ளும் புறமும் உள்ளனவா என்று விவரத்தாளில் பாருங்கள். "இரைச்சல் நீக்கும் ஒலிவாங்கி" என்று மட்டும் இருந்தால் ஏமாறாதீர்கள். அது நீங்கள் தொலைபேசியில் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் பக்கத்து இரைச்சலைக் குறைப்பது. உங்கள் காதுக்கு அதனால் பயனில்லை. மாணவர் பார்த்த இரு பெட்டிகளில் ஒன்றில் இதுவாகவே இருந்திருக்கலாம்.

நான்காவது, ஆயுள். மெத்தை தேயும், மின்கலம் தளரும். மெத்தையைத் தனியே வாங்கி மாற்ற முடியுமா, மின்கலம் தீர்ந்தால் கம்பி மாட்டிக் கேட்க வழியுண்டா என்று கேளுங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால், விலை கூடியதுதான் சிறந்தது என்று எண்ண வேண்டியதில்லை.

காது ஒன்றுதான்

நம் உட்செவியில் நத்தை வடிவான உறுப்பு ஒன்று உள்ளது. அதில் ஏறக்குறைய 15,000 மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. பேரொலியால் அவை மடிந்தால் மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை. உலக நல நிறுவனம் கூறும் அளவு, பெரியவர்களுக்கு வாரத்தில் 80 டெசிபெல் ஒலி 40 மணி நேரம். குழந்தைகளுக்கு 75 டெசிபெல். 3 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரு மடங்காகும். ஆதலின், கேட்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். 80 டெசிபெல் இரைச்சலுள்ள பேருந்தில் சாதாரண ஹெட்போனில் பாட்டுக் கேட்பவர், இரைச்சலை வெல்ல ஒலியை அதற்கும் மேலே ஏற்றுவார். இரைச்சலையே 20 டெசிபெல் இறக்கிவிட்டால், பாட்டையும் அந்த அளவுக்கு இறக்கிக் கேட்கலாம். இக்கருவியின் உண்மையான நன்மை இதுவே. இரைச்சலை நீக்கிய பின்னும் ஒலியை ஏற்றியே கேட்டால் அந்த நன்மை போய்விடும். சாலையில் நடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் இதை அணியவே கூடாது. உறுமலை அணைக்கும் கருவி, பின்னால் வரும் லாரியின் உறுமலையும் அணைக்கும்.

கடைசியாக ஒன்று. பொதுமக்களுக்கான முதல் போஸ் ஹெட்போன் விற்பனைக்கு வந்த அதே 2000-ஆம் ஆண்டில், நம் நாட்டில் ஒலி மாசு விதிகள் பிறந்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்று அவை வரம்பு கட்டின. ஒன்று, காசு கொடுத்தவர் காதில் மட்டும் அமைதி தருவது. மற்றொன்று, எல்லார் காதுக்கும் அமைதி வேண்டுவது. ஓர் அண்டை வீட்டை அமைதியாக்கப் போய் மற்றோர் அண்டை வீட்டில் ஒலியைக் கூட்டிய கோனோவரின் மின்மாற்றியை நினைத்துக்கொள்ளுங்கள். இரைச்சல் எழும் இடத்திலேயே அதை அடக்கினால்தான் எல்லாருக்கும் அமைதி கிடைக்கும். அந்த நாள் வரும்வரை ஹெட்போன் நல்ல துணைதான். அதை அறிந்து வாங்குங்கள், அளவோடு கேளுங்கள்.